காரை இறக்கினேன், காசும் இறங்கியது!

முதல்லயே உண்மையை ஒத்துக்கிட்டு ஆரம்பிச்சிடறேன். எங்க வீட்டு கார் ரெண்டு மாசமா "வூம்ம்ம்ம்"னு ஒரு சத்தம் போட்டுக்கிட்டு இருந்துச்சு. அதுக்குக் காரணம் நான்தான். அந்தச் சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு முதல் நாளே சரியா சொன்ன ஒரு மனுஷனை "உனக்குத் தெரியாது, சும்மா இருப்பா"ன்னு வாயை அடைச்சதும் நான்தான். நான் மெக்கானிகல் இன்ஜினியரிங் மூணாவது வருஷம் வேற. (கிளாஸ்ல இருக்கற நல்லவங்க யாரும் இதை எச்.ஓ.டி.கிட்ட கொண்டுபோய்க் காட்ட வேணாம் :-))

கார் என்னோடது இல்லை, அண்ணனோடது. ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில வேலை. நாலு வருஷம் சீட்டு கட்டி, 2013 மாடல் ஸ்விஃப்ட் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல எடுத்தான். எடுத்ததே முக்கியமா அப்பாவுக்காகத்தான். அப்பா முப்பது வருஷம் டேனரியில நின்னே வேலை பார்த்தவர். இப்போ முதுகு போயிடுச்சு, மாசத்துக்கு ஒரு தடவையாவது வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். பஸ்ல ஐம்பது கிலோமீட்டர் உக்காந்து போக அவரால முடியாது. கார்ல பின் சீட்டுல, தலைகாணி வச்சு, பாதி சாஞ்சு, பாதி படுத்து வருவார்.

அந்தக் காரைத்தான் நான் இறக்கலாம்னேன்.

"இறக்கறது"ன்னா தெரியாதவங்களுக்கு: சக்கரத்துக்கும் மேல இருக்கற ஃபெண்டருக்கும் நடுவுல கம்பெனி நாலு விரல் இடைவெளி விட்டு அனுப்பும். அது பார்க்க ஏதோ ஒட்டகம் மாதிரி இருக்கும். இடைவெளியைக் குறைச்சா வண்டி தரையோட தரையா பதுங்கி நிக்கிற புலி மாதிரி ஆயிடும். யூடியூப்ல ஜப்பான்காரன் வண்டி, கேரளாக்காரன் வண்டின்னு பார்த்துப் பார்த்து எனக்குப் புத்தி மழுங்கிடுச்சு. முறையா பண்ணணும்னா அதுக்குன்னே செஞ்ச குட்டை ஸ்பிரிங், அதுக்கேத்த ஷாக் அப்சார்பர் எல்லாம் வாங்கணும். விலை கேட்டோம், பேசாம வந்துட்டோம். அப்புறம் ஒரு ஷெட்டுல இருக்கற ஸ்பிரிங்கையே கட்டிங் மெஷின் வச்சு ஒன்றரை சுத்து அறுத்துப் போட்டாங்க. நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே மதியத்துல வேலை முடிஞ்சுது. அண்ணனுக்கு முதல்ல இஷ்டமே இல்லை. "வண்டி ரோட்டை நல்லா புடிக்கும், சென்டர் ஆஃப் கிராவிட்டி இறங்கும்"னு சிலபஸ்ல இருக்கறதை எல்லாம் எடுத்து விட்டேன். தம்பி படிச்சவன்னு நம்பிட்டான்.

சென்டர் ஆஃப் கிராவிட்டி இறங்கினது வாஸ்தவம். கூடவே இறங்கின மத்தது எதுவும் அன்னைக்கு என் கண்ணுக்குத் தெரியலை.

முதல் அடி வேகத்தடையில விழுந்துச்சு. இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடைன்னா 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், வில்லு மாதிரி மெதுவா ஏறி மெதுவா இறங்கணும். நம்ம ஊர்ப் பக்கத்துத் தெருக்கள்ல இருக்கறதை நீங்களே பார்த்திருப்பீங்க. ராத்திரியோட ராத்திரியா யாரோ ஒரு மூட்டை சிமெண்ட்டைக் கொட்டிட்டுப் போன மாதிரி இருக்கும். ஸ்விஃப்ட்டுக்கு கம்பெனி குடுத்த தரை இடைவெளி 170 மில்லிமீட்டர். நாங்க நாலு சென்டிமீட்டருக்கு மேல தின்னாச்சு. பின் சீட்டுல ஆள் உக்காந்தா இன்னும் கம்மி. ஒவ்வொரு தடையிலயும் அடியில "டர்ர்ர்". ஒவ்வொரு "டர்ர்ர்"ருக்கும் பின்னாடியிலிருந்து அப்பா "ஸ்ஸ்"ம்பார். ஸ்பிரிங்கை வெட்டினா குட்டையாகறது மட்டும் இல்லை, கடினமும் ஆகும். ஆறு சுத்து வேலை செய்யற ஸ்பிரிங்ல ஒன்றரையை வெட்டினா மீதி நாலரை. விறைப்பு மூணுல ஒரு பங்கு கூடிடும். இந்த ஃபார்முலா எனக்குப் பரீட்சைக்குத் தெரியும். பின் சீட்டுல இருக்கற முதுகுக்கு அது என்ன பண்ணும்னு யோசிக்கத்தான் தெரியலை.

ஏழாயிரம் கிலோமீட்டர் ஓடினப்புறம் சத்தம் ஆரம்பிச்சுது. 50 வரைக்கும் ஒண்ணும் இல்லை. 60 தாண்டினதும் தூரத்துல ஹெலிகாப்டர் வர்ற மாதிரி ஒரு ஊளை, 80ல பேச்சே கேக்காது. ஸ்டீயரிங்கும் நேரா நிக்காம லேசா அலையும். அதை நான் "ஷார்ப் ஹேண்ட்லிங்"னு அண்ணன்கிட்ட பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அட முட்டாளே!

அப்பா அன்னைக்கே சொன்னார். "டேய், என் தலைக்குப் பின்னாடி சத்தம் வருது."

நான், ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டே: "இல்லப்பா, சத்தம் முன்னாடி வீல் பேரிங்ல. கேபினுக்குள்ள எதிரொலிச்சு உனக்குப் பின்னாடி வர்ற மாதிரி கேக்குது."

அவர் அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை.

பேரிங்தான்னு முடிவு பண்ணி ஒரு ஒர்க்ஷாப்புல விட்டோம். பேரிங்னு நானே சொன்னதால அவங்களும் பேரிங்னே மாத்தினாங்க. முன்னாடி ரெண்டும், கூலியோட சேர்த்து அண்ணனோட அரை மாசச் சம்பளம். வண்டியை எடுத்துட்டு பைபாஸ்ல ஏறி 60 தொட்டதும்... வூம்ம்ம்ம். அப்புறம் வீல் பேலன்சிங் பண்ணினோம். பேலன்சிங் கெட்டா ஸ்டீயரிங் நடுங்கும், ஊளை விடாது. அதுவும் எனக்கு அப்புறமாத்தான் உறைச்சுது.

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு சொல்லிடறேன், யாருக்காவது உதவும். சத்தம் எதுலேர்ந்துன்னு கண்டுபிடிக்க காசு செலவு பண்ண வேண்டியதே இல்லை. காலி ரோட்டுல 70ல போகும்போது கியரை நியூட்ரல்ல போடுங்க. சத்தம் எஞ்சினோட சேர்ந்து இறங்கினா எஞ்சின் பக்கம். இறங்காம வண்டி வேகத்தோட மட்டும் மாறினா டயர் இல்லாட்டி பேரிங். அடுத்தது, நீளமான வளைவுல போய்ப் பாருங்க. இடது பக்கம் திரும்பினா பாரம் வலது சக்கரத்துக்குப் போகும், பேரிங் கெட்டிருந்தா பாரம் விழற பக்கம் ஊளை ஏறும், எதிர்ப்பக்கம் திரும்பினா தணியும். டயர் சத்தம் வளைவுக்குப் பெரிசா அசையாது, ஆனா ரோடு மாறினா குரல் மாறும். பள்ளிகொண்டா டோல்கேட் கிட்ட கான்கிரீட் தளத்துல ஒரு குரல், அதைத் தாண்டித் தார்ல இன்னொரு குரல். எங்க வண்டி மாசாமாசம் அங்க குரல் மாத்திப் பாடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அப்புறம் ஜாக்கி போட்டுத் தூக்கி சக்கரத்தைக் கையால சுத்தும்போது, இன்னொரு கையை ஸ்பிரிங் மேல வச்சுப் பார்க்கணும். பேரிங் போயிருந்தா உள்ள மணல் அரைபடற மாதிரி கையில தெரியும். சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா பேரிங், பால் ஜாயிண்ட் ஆட்டம். இடமும் வலமும் பிடிச்சு ஆட்டினா டை ராட் ஆட்டம். இதுல ஒண்ணைக்கூட நான் பண்ணலை. பேரிங்னு வாய் சொல்லிடுச்சு, புத்தி அதுக்குப் பின்னாடியே போயிடுச்சு.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வேலூர்லேர்ந்து திரும்பி வர்றோம். மாதனூர் தாண்டினதும் டீக்கு நிறுத்தினோம். அப்பா மெதுவா இறங்கி, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே வண்டியைச் சுத்தி வந்து, பின் சக்கரத்துக்குப் பக்கத்துல குந்திட்டார். டயர் மேல உள்ளங்கையை வச்சு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை தடவினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

அப்பாவோட வேலை டேனரியில சார்ட்டிங். முடிச்சு வர்ற தோலை மேசையில விரிச்சு, வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்து, கையால தடவி, இது ஒண்ணாம் செலக்ஷன், இது ரெண்டு, இது ரிஜெக்ட்னு பிரிக்கணும். உண்ணி கடிச்ச தழும்பு, முள்ளு கீறல், கத்தி பட்ட பள்ளம், எல்லாம் சாயத்துக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். கண்ணுக்குத் தப்பினது கைக்குத் தப்பாது. முப்பது வருஷம் அதைப் பண்ணின கை அது.

"தடவிப் பாரு. ஸ்வேடு மாதிரி இருக்குது. இந்தப் பக்கமா போனா வழவழன்னு போவுது, எதிர்ல வந்தா புடிக்குது. நல்ல டயரு இப்டி இருக்காது இல்ல?"

தடவினேன். ரம்பத்து மேல கை வச்ச மாதிரி இருந்துச்சு. ஒவ்வொரு கட்டையும் ஒரு முனையில உயரம், இன்னொரு முனையில பள்ளம். இப்படி வரிசையா அறுபது எழுபது படிக்கட்டு. ஒவ்வொரு படியும் தார்ல "டப்"னு விழும், எண்பது கிலோமீட்டர் வேகத்துல அதெல்லாம் ஒண்ணாச் சேர்ந்தா வூம்ம்ம். கண்ணால பார்த்தா சாதாரண டயர்தான். டீ ஆறிப்போச்சு.

மறுநாள் அண்ணன் ஷூ கம்பெனியில யாரோ சொன்னாங்கன்னு, ஹைவே ஓரத்துல ஒரு பழைய டயர் கடைக்குப் போனோம். வயசான பாய் ஒருத்தர். கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. வண்டியைச் சுத்திக்கூட வரலை, தூரத்துல இருந்தே,

"இன்னா தம்பி, ஸ்பிரிங்க அறுத்துட்டு வந்துகிறீங்களா?"

முன் சக்கரத்தை முழுசா ஒரு பக்கம் ஒடிக்கச் சொன்னார். ஒடிச்சதும் டயரோட உள்பக்க ஓரம் வெளிய தெரிஞ்சுது. அண்ணன் "ஐயோ"ன்னான். வெளி ஓரத்துல பாதி பட்டன் மிச்சம். உள் ஓரத்துல ரப்பரே இல்லை, ஒரு விரல் அகலத்துக்குக் கம்பி தெரியுது. சில இடத்துல கம்பி அறுந்து முடி மாதிரி நீட்டிக்கிட்டு இருந்துச்சு. நேரா நிக்கிற வண்டியில இது கண்ணுக்கே தெரியாது, ஃபெண்டருக்கு உள்ள ஒளிஞ்சிருக்கும். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ போனா டயரைக் கழட்டணும்னு டயர்லயே அடையாளம் வச்சிருக்காங்க. நாங்க அதையும் தாண்டி இரும்புக்குப் போயிருந்தோம். முந்தின நாள் அதே டயர்ல, அப்பாவைப் பின் சீட்டுல வச்சுக்கிட்டு, நான் 100ல வந்திருக்கேன்.

பாய் பேசிக்கிட்டே நூல் ஒண்ணை எடுத்தார். முன் டயர் ரெண்டுக்கும் நடுவுல, சக்கரத்தோட முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு. முன்பக்கம் 10 மில்லிமீட்டர் அதிகம். அதாவது சக்கரம் ரெண்டும் வாத்து நடக்கற மாதிரி வெளிப்பக்கமா விரிஞ்சு நிக்குது. இதுக்குப் பேர்தான் டோ அவுட். வண்டியை இறக்கும்போது லோயர் ஆர்ம் ஒரு வட்டத்துல மேல போகும், டை ராட் வேற வட்டத்துல போகும், ரெண்டும் ஒத்துப்போகாது. அதனால சக்கரம் திரும்பிக்கும். இறக்கினதும் அலைன்மென்ட் பார்க்கணும்ங்கிறது இதுக்காகத்தான். நாங்க பார்க்கலை.

எல்லாரும் கேம்பரைத்தான் திட்டுவாங்க, அதாவது சக்கரத்தோட தலை உள்பக்கமா சாயறதை. எங்க வண்டியிலயும் கொஞ்சம் சாஞ்சிருந்துச்சு. ஆனா சாய்வு மட்டும் இருந்தா டயர் இவ்வளவு வேகமா தீராது. தின்னது டோ. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 165/80 ஆர்14 டயரோட விட்டம் சுமாரா 62 சென்டிமீட்டர். 10 மில்லிமீட்டர் விரிசலை ரெண்டு சக்கரத்துக்கும் பங்கு போட்டா ஆளுக்கு அரை டிகிரிக்குக் கொஞ்சம் கம்மி. பார்த்தா ஒண்ணுமே இல்லாத கோணம். ஆனா ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்தச் சக்கரம் 8 மீட்டர் பக்கவாட்டுல இழுபடணும். நாங்க இறக்கின பிறகு ஓட்டினது 9,000 கிலோமீட்டர். பெருக்கினா 72 கிலோமீட்டர். ரப்பர் வளைஞ்சு குடுக்கறதால அத்தனையும் தேய்ப்பு இல்லைதான். இருந்தாலும் ஆம்பூர்லேர்ந்து வேலூரையும் தாண்டி, காரைக் குறுக்க வச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போனா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அண்ணனுக்கு இதெல்லாம் விளக்கவே வேண்டியிருக்கலை. தேஞ்ச ஷூவைப் புரட்டிப் பார்த்தே நடையைச் சொல்றவன். உள்பக்கம் தேஞ்சா பாதம் உள்ள மடங்குது, வெளிப்பக்கம் தேஞ்சா வெளிய சாயுதுன்னு. "நம்ம ஸ்விஃப்ட்டுக்குக் கால் வளைஞ்சிடுச்சுடா"ன்னு மட்டும் சொன்னான்.

சரி, அப்போ ஊளை? அது முன் டயர் இல்லைன்னார் பாய். வண்டியோட பின் மூலையை ஒரு அழுத்து அழுத்தி விட்டார். நல்ல ஷாக்னா ஒரு தடவை ஏறி நின்னுடணும். இது மூணு தடவை குதிச்சுது. உள்ள எண்ணெய் கசிஞ்சு வழிஞ்சிருந்துச்சு. விறைச்சுப்போன குட்டை ஸ்பிரிங்கும் பழைய ஷாக்கும் சேர்ந்ததால, சின்னப் பள்ளத்துக்கெல்லாம் ஷாக் அடிவரைக்கும் போய் ரப்பர்ல மோதி மோதிச் செத்துடுச்சு. ஷாக் செத்தா சக்கரம் ரோட்டுல உருளாது, துள்ளும். துள்ளித் துள்ளி விழற இடமெல்லாம் கொத்திக் கொத்தி அந்தப் படிக்கட்டு. ஸ்விஃப்ட்ல பின்னாடி பாரமும் கம்மி, அதனால இந்த வியாதி பின் டயருக்குச் சீக்கிரம் வரும்.

அதாவது, சத்தம் அப்பா தலைக்குப் பின்னாடிதான் இருந்துச்சு.

சட்டத்தைப் பத்தியும் சொல்லிடணும், ஏன்னா எனக்கு அதுவும் தெரியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: கம்பெனி பதிவு பண்ணின விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்துச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, மாத்தின ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்னு சேர்த்தாங்க. போலீஸ் பிடிக்கலைங்கிறது எங்க அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், சம்பந்தம் இருக்கோ இல்லையோ சொல்லணும்னு தோணுது. அப்பாகிட்ட பாய் சொன்னதை எல்லாம் சொல்லிட்டு, ரப்பரைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம். பச்சை ரப்பர் வெயில்ல பிசுபிசுக்கும், குளிர்ல உடையும். 1839ல சார்லஸ் குட்இயர்ங்கிறவர் கந்தகம் போட்டுச் சூடாக்கினா அது நிலைச்சு நிக்கும்னு கண்டுபிடிச்சார். கந்தகம் உள்ள போய் இழைக்கும் இழைக்கும் நடுவுல முடிச்சுப் போடுது. அப்பா உடனே, "குரோமும் அதைத்தானே பண்ணுது"ன்னார். கரெக்ட். பச்சைத் தோல் அழுகாம இருக்க, குரோமியம் உப்பு கொலாஜன் இழைகளைப் பிணைக்குது. ரெண்டு கெமிஸ்ட்ரியும் ஒரே ஜாதி. நான் செமஸ்டர்ல படிச்சதை அவர் டிரம் பக்கத்துல நின்னு முப்பது வருஷம் பார்த்திருக்கார். (நம்ம பக்கம்னா தோல்தான்னு எல்லாருக்கும் நினைப்பு, அரக்கோணம் பக்கத்துல எம்.ஆர்.எஃப். டயர் ஆலையும் இருக்கு.)

அண்ணன் ரெண்டு நாள் என்கூடப் பேசலை. மூணாவது நாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கிட்டே, "காசு போனா போவுதுடா. அப்பா உள்ள இருந்தாரு"ன்னான். நான் லேப்டாப்புக்குச் சேர்த்து வச்சிருந்ததை எடுத்து அவன் கையில குடுத்தேன். வாங்கிக்கிட்டான். வேணாம்னு சொல்லுவான்னு ஒரு ஓரத்துல நினைச்சிருந்தேன், பொய் சொல்லலை :-(

வெட்டின ஸ்பிரிங்கை ஒட்ட வைக்க முடியாது. கம்பெனி ஸ்பிரிங் நாலு, பின் ஷாக் ரெண்டு, டயர் ரெண்டு வாங்கினோம். எல்லாம் மாட்டி, நூறு கிலோமீட்டர் ஓட்டி, ஸ்பிரிங் படிஞ்சப்புறம் அலைன்மென்ட் பண்ணினோம். பின் டயர் ரெண்டையும் மாத்த காசு பத்தலை, அதுல பட்டன் இன்னும் இருக்கு. புது டயரை எங்க போடறதுன்னு கேட்டதுக்கு பாய் பின்னாடின்னார். மழையில பின்பக்கம் வழுக்கினா வண்டியைத் திருப்பிப் பிடிக்க நம்மாள முடியாதாம், உலகம் பூரா டயர் கம்பெனிக்காரங்களும் இதையேதான் சொல்றாங்க. ஆகவே அந்த ரம்பப்பல் டயர் ரெண்டும் முன்னாடி வந்துடுச்சு. இதுல இன்னொண்ணும் சொல்லிடறேன். அலைன்மென்ட் பண்ணினதும் சத்தம் போயிடும்னு நினைக்காதீங்க. அலைன்மென்ட், ஷாக் எல்லாம் இனிமே தேயாம காப்பாத்தும். ஏற்கெனவே விழுந்த படிக்கட்டு அப்படியேதான் இருக்கும், முன் சக்கரத்துல ஓடி ஓடி மெல்லத்தான் சமமாகும். சிலர் அலைன்மென்ட் பண்ணியும் சத்தம் போகலையேன்னு திரும்பப் போய்ப் பேரிங் மாத்துவாங்க. என் இனம்.

நேத்து அப்பாவுக்கு செக்கப். வண்டி ஒட்டகம் மாதிரி நாலு விரல் இடைவெளியோட நின்னுச்சு. வேகத்தடைல "டர்ர்ர்" இல்லை, "ஸ்ஸ்" இல்லை. ஹைவேல ஏறி 60 தொட்டதும் லேசா வூம்ம்ம். கண்ணாடில பார்த்தேன். அப்பா தலைகாணியிலேர்ந்து தலையைத் தூக்கி, கொஞ்ச நேரம் காது குடுத்துக் கேட்டார்.

"இப்ப முன்னாடி போயிடுச்சு"ன்னார்.

"ஆமாப்பா"ன்னேன்.